யார் பார்த்துக்கொள்வார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எழுத்தாளர் வேத் மேத்தா பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பார்வையில்லாத பதினைந்து வயதுப் பையன் 1949இல் தன்னந்தனியாக விமானம் ஏறி, அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. காரணம் என் மகள்.

அவளுக்கு 23 வயது. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். பேட்டரி வீல்சேரில்தான் இருக்கிறாள். பேச்சு மெதுவாக வரும், ஆனால் புரியும். பேனா பிடிக்க வராது, கம்ப்யூட்டரில் நன்றாக டைப் செய்வாள். புள்ளியியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எங்களுக்குத் தெரியாமலே இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தொடங்கி, ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடமும் வாங்கிவிட்டாள். விண்ணப்பத்தை அனுப்பும் கடைசிக் கட்டத்தில்தான் என்னிடம் சொன்னாள். உடல் குறைபாடு ஏதும் உண்டா என்று கேட்ட இடத்தில் "சொல்ல விரும்பவில்லை" என்று போடவைத்தது நான்தான். சொன்னால் இடம் தரமாட்டார்கள் என்று பயம்.

அவளைக் குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம் என் மனைவி. ராத்திரி இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அங்கே போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? என் தம்பி, "நடக்கிற பிள்ளைகளே அங்க போய் கஷ்டப்படுதுங்க, உனக்கு எதுக்கு இந்தப் பேராசை" என்கிறான். மகள் இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சொல்லாமல் விட்டது தவறா? போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? இது பேராசைதானா? நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், தென்காசி

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேராசை இல்லை. நடக்கிற பிள்ளை கடன் வாங்கி வெளிநாடு போனால் கெட்டிக்காரப் பிள்ளை, உங்கள் மகள் போனால் பேராசையா? உங்கள் தம்பி பாசத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சுக்கு வீட்டில் இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு இருக்கும் அதே மூளை முடக்குவாதத்தோடு கொல்கத்தாவில் ஜீஜா கோஷ் என்று ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஊனமுற்றோர் ஆய்வியல் என்ற துறையில் முதுகலை படித்துத் திரும்பியவர். 2012இல் ஒரு சர்வதேசக் கருத்தரங்குக்காக கோவா போக கொல்கத்தாவில் விமானம் ஏறி உட்கார்ந்த பிறகு, அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவர் உடலைப் பார்த்து, இவரால் பயணம் செய்ய முடியாது என்று விமான ஊழியர்களே முடிவு செய்துவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 மே மாதம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கடல் கடந்து போய்ப் படித்து வந்த ஒருவரை உள்ளூர் விமானத்தில் இறக்கிவிட்டார்கள் என்றால், தடை உடம்பில் இருந்ததா, பார்த்தவர்களிடம் இருந்ததா? மாற்றுத்திறனாளிகள் வெளிநாட்டில் போய்ப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். பிறந்ததிலிருந்து ஒரே ஊரில், ஒரே வீட்டில் இருந்தால் "என்னால் முடியாது" என்பதில் எவ்வளவு உடம்பைச் சேர்ந்தது, எவ்வளவு வாசல்படியைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. வேறு ஊருக்குப் போனால்தான் தெரியும். அங்கே சில விஷயம் சுலபமாகும், சில விஷயம் இங்கே இருப்பதைவிட மோசமாகவும் இருக்கும். இரண்டும் தெரிய வேண்டும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். "சொல்ல விரும்பவில்லை" என்று போட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அது பொய்யும் இல்லை. ஆனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இடம் கிடைத்தாயிற்று. இங்கிலாந்தில் 2010இல் வந்த சமத்துவச் சட்டப்படி, ஊனத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரை மறுக்க முடியாது. மாணவருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதும் அவர்கள் கடமை, அதற்கான செலவை மாணவர் தலையில் கட்டவும் கூடாது. வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். பரீட்சையில் கூடுதல் நேரம், கையால் எழுதாமல் டைப் செய்வது, வகுப்பில் குறிப்பெடுக்க ஆள், ஏறிப்போக முடியாத வகுப்பறையில் பாடம் வைத்தால் அதை வேறு அறைக்கு மாற்றுவது, இவையெல்லாம் அதில் வரும். ஆனால் ஒருவர் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? சொல்லாத மாணவருக்காக யாரும் அறையைத் தேடிவைக்க மாட்டார்கள். வீல்சேர் போகிற மாதிரியான விடுதி அறைகள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கொஞ்சம்தான். முதலில் கேட்பவர்களுக்குப் போய்விடும்.

எப்படிச் சொல்வது என்பது அதைவிட முக்கியம். நம் ஊரில் மாற்றுத்திறனாளி என்றால் சான்றிதழ். சான்றிதழ் என்றால் சதவீதம். 75, 80 என்று ஒரு எண், கீழே டாக்டர் கையெழுத்து. பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் அது போதும். அங்கே அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் கேட்பது வேறு: எதைச் செய்வது கஷ்டம், எவ்வளவு நேரம் ஆகும், என்ன இருந்தால் முடியும்? அதனால் நரம்பியல் டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் புதிதாக ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர் ஒரு வரி போதும். மீதி முழுவதும் அன்றாடம் பற்றி இருக்கட்டும்.

என் நண்பர் ஒருவர், பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், வட இங்கிலாந்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தார். அவர் முதலில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மின்னஞ்சல் "நான் வீல்சேரில் இருக்கிறேன், தயவுசெய்து தகுந்த வசதி செய்து தரவும்" என்கிற மாதிரி இருந்தது. மரியாதையாக ஒரு பதில் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து அளவுநாடாவால் தன் வீட்டையும் நாற்காலியையும் அளந்து எழுதினார். கட்டில் 50 செ.மீ. உயரத்துக்கு மேல் இருந்தால் என்னால் நாற்காலியிலிருந்து மாறி உட்கார முடியாது. கழிப்பறையில் உட்கார்ந்தால் என் இடது பக்கம் 90 செ.மீ. வெற்றிடம் வேண்டும். நாற்காலியின் அகலம் 64 செ.மீ., நானும் சேர்ந்து உட்கார்ந்தால் எடை 190 கிலோ, உங்கள் லிஃப்ட் தாங்குமா? வாஷ்பேசினுக்கு அடியில் முழங்கால் போக இடம் இருக்கிறதா, ஒரு புகைப்படம் அனுப்ப முடியுமா? இப்படி ஒரு பக்கம். நான்காவது நாள் விடுதிப் பொறுப்பாளரே அறையைப் படம் பிடித்து அனுப்பினார்.

அப்படியும் ஒரு கோளாறு நடந்தது. அறைக்கு வெளியே சாய்தளம் இருந்தது, உள்ளே எல்லாம் சரி. ஆனால் தாழ்வாரத்தில் தீத்தடுப்புக் கதவு, தானே மூடிக்கொள்கிற கனமான கதவு. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் அதைத் தள்ள முடியவில்லை. யாராவது அந்தப் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பட்டன் அழுத்தினால் திறக்கிற மாதிரி மாற்றித் தர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உங்கள் மகளைக் கதவுகள் பற்றித் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தீ விபத்து வந்தால் லிஃப்ட் ஓடாது, அப்போது தன்னை எப்படி வெளியே கொண்டுபோவார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தனித் திட்டம் எழுதி வைக்கிற வழக்கம் அங்கே உண்டு.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. யார் பார்த்துக்கொள்வார்கள்?

வெளிப்படையாகச் சொல்லச் சொன்னீர்கள். பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளாது. படிப்புக்கான உதவி அவர்கள் பொறுப்பு. குளியல், உடை, கழிப்பறை, இரவில் புரட்டிவிடுவது போன்ற சொந்த உதவி பொதுவாக அதில் சேராது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1990இல் வந்த ஊனமுற்றோர் சட்டம் எவ்வளவோ செய்திருக்கிறது, ஆனால் சொந்த உதவியாளரைக் கல்லூரி கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கிலாந்து மாணவர்களுக்கு அரசு தருகிற ஊனமுற்ற மாணவர் உதவித்தொகையும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. அம்மா கூடவே போய் இருக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. வயது வந்த மாணவரின் பெற்றோரை மாணவர் விசாவில் சார்ந்திருப்போர் என்று சேர்க்க முடியாது. 2024 ஜனவரியிலிருந்து, வகுப்புக்குப் போய்ப் படிக்கிற முதுகலை மாணவர்கள் பெரும்பாலோர் கணவன் மனைவியைக்கூட அழைத்துப்போக முடியாது. உங்கள் மனைவி பார்வையாளர் விசாவில் போய்ச் சில வாரம் இருந்து, மகள் அங்கே நிலைப்படும்வரை பார்த்துவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான்.

ஆக, கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12 பவுண்டைத் தாண்டிவிட்டது. காலையில் இரண்டு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று வைத்தால்கூட மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இது நேரடியாக ஆள் வைத்தால். ஏஜென்சி மூலம் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். நேரடியாக வைப்பதென்றால் உங்கள் மகள் சட்டப்படி ஒரு முதலாளி. சம்பளக் கணக்கு, வரி, காப்பீடு எல்லாம் அவர் பொறுப்பு. கூடப் படிக்கிற மாணவர்களை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மாணவர் விசாவில் இருக்கும் பட்டப்படிப்பு மாணவர்கள் பாடம் நடக்கும் மாதங்களில் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்யலாம். நம் பெண்கள் யாராவது இருவர் மாறி மாறிக் கிடைத்தால் பேச்சுக்கும் சௌகரியம். இரவில் இரண்டு தடவை புரட்டிவிடுவதுதான் இதில் சிக்கலான பகுதி, அதுதான் செலவை ஏற்றும். தானாகத் திரும்ப உதவுகிற வழுக்குத் துணி, பட்டனில் சாய்கிற மெத்தைக் கட்டில் இதெல்லாம் வைத்து அதைக் குறைக்க முடியுமா என்று பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே கேளுங்கள். இந்தச் செலவு பட்ஜெட்டில் இல்லாமல் போவதைவிட ஒரு வருடம் தள்ளிப்போடுவது மேல். தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை.

பணத்துக்கு வழி தேடும்போது மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை தருகிற வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பாருங்கள். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வருடத்துக்கு 20 பேர், அதில் 6 இடம் பெண்களுக்கு. குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. இத்தனை பெரிய நாட்டுக்கு 20 என்பது எனக்குக் கோபம் வருகிற எண். ஆனாலும் விண்ணப்பியுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் மாதிரியான உதவித்தொகைகளில் ஊனம் சார்ந்த கூடுதல் தேவைகளைத் தனியாகக் கேட்க முடியும். ஒரு வருடம் தள்ளிப்போனால் அதற்கும் முயலலாம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு எட் ராபர்ட்ஸ் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு 1953இல் பதினாலு வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய அசைவில்லை. இரவில் இரும்பு நுரையீரல் என்கிற பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுத்தால்தான் மூச்சு. 1962இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரத்தின் எடையைத் தாங்குகிற விடுதி இல்லை, அதனால் வளாகத்து மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்து மற்ற மாணவர்களும் வந்தார்கள். நோயாளிகளாக நடத்தப்படுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உதவியாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே வேலை சொல்லி, சரிப்படவில்லை என்றால் தாங்களே நிறுத்துவோம் என்றார்கள். 1972இல் பெர்க்லியில் சுயசார்பு வாழ்வு மையம் அப்படித்தான் பிறந்தது. சட்டையை மாட்டிக்கொள்ள இன்னொருவர் கை வேண்டியிருக்கலாம். ஆனால் எந்தச் சட்டை, எத்தனை மணிக்கு, யார் மாட்டுவது என்பதை நான் முடிவு செய்தால் நான் சுதந்திரமானவன். இதுதான் அவர்கள் கண்ட கருத்து. இவரால் வேலை பார்க்க முடியாது என்று காரணம் சொல்லி முதலில் ராபர்ட்ஸுக்குப் பண உதவி மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கு, 1975இல் அவரே தலைவரானார்.

இந்தக் கருத்து பெர்க்லியை விட்டு வெளியே போனது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிப் பார்த்தவர்களால். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுப்பதில்லை. 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. அந்த ஆண்டு ஜப்பானில் டஸ்கின் என்கிற கம்பெனி, அங்கே மிஸ்டர் டோனட் கடைகளை நடத்துவது அவர்கள்தான், ஓர் அறக்கட்டளை தொடங்கி ஊனமுற்ற ஜப்பானிய இளைஞர்களை அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியது. ஜப்பானில் அன்றைக்குக் கடுமையான ஊனம் என்றால் ஒன்று பெற்றோர் வீடு, இல்லையென்றால் விடுதிக் காப்பகம். பெர்க்லியில் தங்களைப் போன்றவர்கள் தனி வீடு எடுத்து, உதவியாளர் வைத்து, வேலைக்குப் போவதை அந்த இளைஞர்கள் மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார்கள். 1986இல் தோக்கியோவை ஒட்டிய ஹாச்சியோஜியில் அந்த மாதிரி மையம் தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. 1999 முதல் அதே அறக்கட்டளை திசையைத் திருப்பிக்கொண்டு, ஆசிய பசிபிக் நாடுகளின் ஊனமுற்ற இளைஞர்களை ஜப்பானுக்கு அழைக்கிறது. ஏறக்குறைய பத்து மாதம். முதலில் ஜப்பானிய மொழி, காது கேளாதவர்களுக்கு ஜப்பானியச் சைகை மொழி. அப்புறம் அவரவர் தேர்ந்தெடுத்த அமைப்பில் பயிற்சி. அங்கே பயின்றவர்களால் லாகூர் வரைக்கும் இந்தச் சுயசார்பு வாழ்வு மையம் போயிருக்கிறது. பெர்க்லியிலிருந்து ஜப்பான், ஜப்பானிலிருந்து பாகிஸ்தான். ஒவ்வொரு கண்ணியும், வீட்டார் பயந்துகொண்டே அனுப்பிவைத்த யாரோ ஒரு பிள்ளை.

அதே பெர்க்லியில் படித்த சூசன் சைகல் என்கிற வீல்சேர்ப் பெண், 1978இல் ரோட்டரி உதவித்தொகையில் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்குப் போய்ப் படித்தார். பரிமாற்றத் திட்டங்களில் தன்னைப் போன்றவர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியோடு திரும்பினார். 1981இல் இன்னொருவரோடு சேர்ந்து ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் மொபிலிட்டி இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்காவுக்கு வருகிற, அங்கிருந்து வெளியே போகிற ஊனமுற்ற மாணவர்களுக்கு 1995இல் அமெரிக்க அரசின் ஆதரவோடு இலவசமாக வழிகாட்டத் தொடங்கினார்கள். பல நாட்டு ஊனமுற்ற பெண்களை வரவழைத்துத் தலைமைப் பயிற்சியும் தருகிறார்கள், அது சில வாரங்கள்தான். ஒரு வருடம் என்பது இப்போதைக்கு முடியவே முடியாது என்று ஆகிவிட்டால், இப்படிக் குறுகிய பயணங்களிலிருந்து தொடங்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். இருபத்துமூன்று வருடமாக உங்கள் மனைவிக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தே செய்துவிடுவார். அதனால் மகளும் வாய்திறந்து சொல்லிப் பழகியிருக்க மாட்டார். எந்தக் கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், தூக்கும்போது எங்கே பிடித்தால் வலிக்கும், தசை இறுகிக்கொண்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், இவையெல்லாம் அம்மாவின் கைக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒரு ஆங்கிலேயப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, அவர் தவறாகச் செய்தால் தயங்காமல் நிறுத்தி, திரும்பச் செய்யச் சொல்கிற பழக்கம் இருந்தால்தான் உங்கள் மகளால் அங்கே இருக்க முடியும். மதிப்பெண்ணும் ஆங்கிலமும் இதற்குப் பிறகுதான்.

அதை இங்கேயே, தென்காசியிலேயே பழகலாம். உள்ளூரில் ஒரு அம்மாவையோ பெண்ணையோ சம்பளத்துக்கு வையுங்கள். காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை. அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் மனைவி வீட்டில் இருக்கக் கூடாது. காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும். வீட்டில் இருந்தால் அவரால் தலையிடாமல் இருக்க முடியாது, எந்தத் தாயாலும் முடியாது. முதல் வாரம் தாமதமாகும், மகளுக்கு எரிச்சல் வரும், அழுகையும் வரலாம். மூன்று மாதம் விடாமல் நடத்துங்கள். இடையில் ஆளை ஒருமுறை மாற்றுங்கள், புது ஆளுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டி வரும். அப்படியே மகள் தன் ஒரு நாளை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிரிட்டனில் உதவியாளர் தேடும்போது அந்த இரண்டு பக்கம்தான் முதலில் தேவைப்படும்.

இந்த மூன்று மாதத்துக்குள் ஒருமுறை திருவனந்தபுரம் போய் வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகச் சில மணி நேரம்தான். வெள்ளாயணி ஏரிக்கரையில் காந்தாரி என்று ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சபிரியே டென்பெர்கன் என்கிற ஜெர்மானியப் பெண்ணும் பால் க்ரோனன்பெர்க்கும் நடத்துகிறார்கள். சபிரியேவுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. பான் பல்கலைக்கழகத்தில் திபெத்தியம் படிக்கப்போனால் அந்த மொழிக்குப் பிரெய்ல் இல்லை, தானே உருவாக்கிக்கொண்டார். பிறகு தனியாகத் திபெத்துக்குப் போய், லாசாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல நாடுகளிலிருந்தும் வந்து அந்த ஏரிக்கரையில் தங்கிப் படிப்பவர்களில் பார்வையற்றவர்களும் உடல் ஊனமுள்ளவர்களும் இருக்கிறார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு போய், உங்கள் மகள் அவர்களிடம் தனியாகப் பேசட்டும். வீட்டைவிட்டு வந்த முதல் மாதம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வது என் கடிதத்தைவிட உபயோகமாக இருக்கும்.

இங்கிலாந்தைப் பற்றி மிகையாகவும் நினைக்க வேண்டாம். லண்டன் பஸ் எல்லாவற்றிலும் சாய்தளம் உண்டு, கறுப்பு டாக்ஸி எல்லாவற்றிலும் வீல்சேரோடு ஏறலாம். ஆனால் சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்காமல் ரயிலுக்குப் போக முடியாது. பழைய கல்லூரிக் கட்டடங்களும் அப்படித்தான். குளிரில் தசை இறுக்கம் கூடும் என்று இந்த உடல்நிலை உள்ள பலர் சொல்கிறார்கள். உங்கள் மகள் பாக்லோஃபென் மாதிரி, தசை இறுக்கத்தைக் குறைக்கிற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆபத்து. அங்கே டாக்டரிடம் பதிவு செய்து மருந்து கிடைக்கும்வரை போதுமான மாத்திரை கையில் வேண்டும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதி வாங்குங்கள். விசாவுக்குப் பணம் கட்டும்போதே மருத்துவக் கட்டணமாக மாணவர்களிடம் வருடத்துக்கு 776 பவுண்டு வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் அங்கே அரசு மருத்துவம் அவருக்கு உண்டு.

விமானத்துக்கு ஒன்று. வீல்சேர் பேட்டரி எந்த வகை, அதன் கொள்ளளவு எத்தனை வாட் மணி (Wh) என்பதை டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். லித்தியம் பேட்டரிக்குக் கட்டுப்பாடு அதிகம். விமான நிலைய உதவியைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். என் நண்பர் நாற்காலியைச் சரக்குப் பகுதிக்குக் கொடுக்கும் முன்பு ஜாய்ஸ்டிக்கையும் மெத்தையையும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, பிரேக்கை எப்படி விடுவிப்பது என்று ஆங்கிலத்தில் எழுதி லேமினேட் செய்த அட்டையை முதுகுப்பக்கத்தில் கட்டிவிட்டார். நாலு பக்கமும் புகைப்படம் எடுத்துக்கொண்டார், உடைந்து வந்தால் நஷ்டஈடு கேட்க. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான், சார்ஜருக்குப் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் கடிதம் முழுக்க உங்கள் பயம் இருக்கிறது, உங்கள் மனைவியின் உழைப்பு இருக்கிறது, தம்பியின் கருத்தும் இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பாடம், எதற்காக அதைப் படிக்க ஆசைப்படுகிறார் என்பது இல்லை. யாருக்கும் தெரியாமல் விண்ணப்பத்தைத் தொடங்கி இடமும் வாங்கியவர் அதையெல்லாம் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்கள், அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும். ஊர் எது என்று தெரிந்தால், அங்கே வீல்சேரில் இருந்து படித்த நம் ஆட்கள் யாராவது உண்டா என்று நண்பரிடம் விசாரித்துச் சொல்கிறேன். விடுதி அறைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.